இன்னொரு தடவை வாசி, யூட்டே

எங்கள் நோர்பியில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்பது ஐவினின் புண்ணியத்தில்தான். நகராட்சியின் காது மெஷின் பிரிவில் அவனுக்கு வேலை. வந்தவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, "கீச்சுன்னு சின்னதா கேட்டாலும் பட்டனை அமுக்குங்க" என்பான். பிறகு பட்டாணி அளவில் ஒரு மெஷினைக் காதுக்குள் சொருகி, திருகி, தட்டிப் பார்த்து அனுப்புவான். அந்த வேலையில் அவனை யாரும் குறை சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பல்லே மட்டும், தான் ரொட்டி மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்கிறது, சகிக்கவில்லை என்று மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அது மெஷினோட தப்பு இல்ல பல்லே, உன் வாயோட தப்பு" என்று சொல்லி ஐவின் மறுபடியும் அதைச் சொருகி அனுப்பினான்.

ஆபீஸில் ஊரார் காது, வீட்டுக்கு வந்தால் தன் காது. மனுஷனுக்கு மைக் பைத்தியம். கொஞ்சநஞ்சமில்லை, முற்றிய பைத்தியம். பென்சில் மாதிரி ஒல்லியாக ரெண்டு, சோப்பு டப்பா மாதிரி ஒன்று, பெரிய கத்தரிக்காய் மாதிரி தலை வைத்த ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிய அலுமினியத் தகடு ஆடுகிற பழைய ரிப்பன் மைக் ஒன்று. அதன் பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. இவற்றை அலமாரியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பளிக் காலுறை போட்டு வைத்திருந்தான். அவன் காலுக்கென்று அவன் மனைவி யூட்டே பின்னிக் கொடுத்த காலுறைகள் அவை. குளிர்காலத்தில் இவன் வெறும் பாதத்தோடு தரையில் தத்தித் தத்தி நடப்பான், மைக்குகள் கதகதப்பாகத் தூங்கும்.

இத்தனை மைக்கை வைத்துக்கொண்டு என்ன பதிவு பண்ணிக் கிழித்தான் என்று கேட்டால், அதற்குப் பதில் கிடையாது. மகள் மெரெட்டே முதல் வார்த்தை பேசப்போகிறாள் என்று தொட்டிலைச் சுற்றி மைக் நிறுத்தினான். உயரம் சரியில்லை என்று இறக்கினான். இறக்கியது அதிகமென்று ஏற்றினான். அதற்குள் குழந்தை சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனது. ஊருக்குள் நீண்டு வருகிற கடல் கழியான ஃபியோர்டில் வந்திறங்கும் அன்னங்களின் சத்தத்தைப் பிடிக்கப் போனபோதும் அதே கதைதான். வீட்டில் இருக்கிற பதிவையெல்லாம் போட்டுக் கேட்டால் ஐவினின் குரல்தான் வரும்: "ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. ம்ஹூம், சரியில்ல." அவனுடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்தில், எங்கள் வழக்கப்படி அவன்மேல் ஒரு பாட்டுக் கட்டித் தாளில் அச்சடித்து எல்லோரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாடினோம். ஒவ்வொரு அடியும் "ஒண்ணு, ரெண்டு, சரியில்ல" என்றுதான் முடிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் கூரையை அண்ணாந்து பார்த்து, "இந்த ரூம்ல எதிரொலி ஜாஸ்தி" என்றான்.

யூட்டே பேசுகிற ஆள் இல்லை, வாசிக்கிற ஆள். செவ்வாய்க்கிழமை தோறும் விளையாட்டு ஹாலில் பெண்கள் உடற்பயிற்சி செய்வார்கள். பியானோ இல்லாமல் உடற்பயிற்சி என்பது எங்கள் ஊரில் உப்பில்லாத வெண்ணெய் மாதிரி, இறங்காது. மூலையில் நிற்கிற பழைய பியானோவில் யூட்டே வாசிக்க, சோல்வை முன்னால் நின்று காட்ட, மற்றவர்கள் கையை வீசுவார்கள், முட்டியை மடக்குவார்கள், குதிப்பார்கள். கை வீசலுக்கு ஒரு மெட்டு, முட்டிக்கு ஒன்று, முதுகை நீட்டுவதற்கு ஒன்று. எல்லாம் யூட்டே தானே கட்டியவை. எதையும் எழுதி வைக்கவில்லை, விரலில்தான் இருந்தது. ஒவ்வொரு அசைவும் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவள் வாயிலிருந்து ஒரு "ஓ" வரும். எங்கள் மொழியில் 'ஓ' என்றால் 'உம், ஆகட்டும், அடுத்தது' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். நாங்கள் எந்த வார்த்தையையும் முழுசாகச் சொல்வதில்லை, முன்பாதியைச் சொல்லிப் பின்பாதியை விழுங்கிவிடுவோம். அந்த விழுங்கின 'ஓ'வைக் கேட்டுத்தான் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் எழும்பும்.

ஐவின் அவளை முதலில் பார்த்ததே அந்த ஹாலில்தான். ஒலிபெருக்கி ரிப்பேர் என்று வந்தவன், அவள் வாசித்து முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "உங்க வலது பெடல் கிறீச்சிடுது" என்றான். அவள் சிரித்துவிட்டாள். வாலிப வயதில் இதையெல்லாம் அக்கறை என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

போன வசந்தத்தில் யூட்டேயின் வலது கட்டைவிரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அடிமூட்டில் எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். டாக்டர் விரலைப் பிடித்துச் சுற்றிப் பார்த்து, "வலிக்குதா?" என்றார். "கொஞ்சம்" என்றாள் யூட்டே. வெளியூர் டாக்டராக இருந்தால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார். இவர் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். இங்கே 'கொஞ்சம்' என்றால் என்ன என்று தெரிந்தவர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதி, கோடை முடிகிற வாரத்தில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டார். மாவுக்கட்டு, அப்புறம் பயிற்சி, அப்புறம் பார்க்கலாம் என்றார். பழையபடி அகல விரித்து வாசிக்க முடியுமா என்று கேட்டதற்கு, டாக்டர் ஜன்னல் வழியே சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்தார்.

செய்தி கேட்டு சோல்வை கேக்கோடு வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனசு. வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நம்ம செவ்வாய்க்கிழமை நேரத்து மேல ஒருத்தன் கண்ணு வெச்சிருக்கான், யூட்டே. இரும்புக் குண்டு தூக்கற பய. ஸ்பீக்கர் பெட்டி வெச்சுக்கிட்டு டமடமன்னு அடிப்பானாம். பியானோ இல்லேன்னா உங்களுக்கு எதுக்கு ஹாலுன்னு ஹால் சங்கத்துல கேக்கறாங்க."

"வேற யாராச்சும் வாசிக்கட்டுமே."

"எதைப் பார்த்து வாசிப்பா? உன் விரலைக் கழட்டி அவ கையில மாட்டவா? ஐவின், ஏம்ப்பா, நீதான் ஊருக்கே பெரிய சவுண்டுக்காரன் ஆச்சே. இவ கை இருக்கும்போதே எல்லாத்தையும் புடிச்சு ஒரு பதிவாக் குடேன். அதைப் போட்டு ஆடிக்கறோம்."

ஐவினின் முகம் பளிச்சென்று ஆனது. வாழ்நாள் முழுக்க யாரும் அவனிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. யூட்டே கேக்கை வெட்டியபடி மெதுவாகச் சொன்னாள், "எடுத்துடு ஐவின். ஆனா ஒரே தடவைதான் ஒழுங்கா வாசிக்க முடியும்னு தோணுது."

அவன் காதில் 'ஒழுங்கா' மட்டும் விழுந்தது. "ஒழுங்காத்தான் பண்ணுவோம், தங்கம்" என்றான்.

கோடை விடுமுறை தொடங்கியது. ஊரெல்லாம் படகை இறக்கிக்கொண்டு போக, ஐவின் வீட்டுக் கூடத்தில் யூட்டேயின் சொந்தப் பியானோவைச் சுற்றி முகாம் போட்டான். முதலில் பியானோவின் தலையில் இருந்த குடும்பப் படங்கள், கற்றாழைத் தொட்டி, பித்தளை மெழுகுவர்த்திக் கம்பம் எல்லாம் இறங்கின. மேல் மூடியைத் திறந்து, உள்ளே கம்பிகளைப் பார்த்தபடி பென்சில் மைக் ரெண்டையும் தொங்கவிட்டான். ஒன்று கட்டைக் குரல் பக்கம், ஒன்று கீச்சுக் குரல் பக்கம்.

"வாசி."

யூட்டே வாசித்தாள். ஐவின் கண்ணை மூடிக் கேட்டான்.

"சுத்தியலு கம்பியில அடிக்கறது கேக்குது."

"பியானோன்னா சுத்தியல் அடிக்கத்தானே செய்யும்."

"அடிக்கட்டும். கேக்கக்கூடாது."

மைக்கை ஒரு சாண் உயர்த்தினான். இப்போது சுத்தியல் போய் ஃபிரிட்ஜ் வந்தது. ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினான். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினான். "இன்னொரு தடவை, தங்கம்." மறுநாள் மத்தியானம் ரொட்டியில் தடவ ஈரல் விழுதை எடுத்தபோதுதான் வயரைத் திரும்பச் சொருகவில்லை என்பது மூக்குக்குத் தெரிந்தது. வீட்டைத் திறந்து போட்டு நாற்றத்தை விரட்டினார்கள். திறந்த ஜன்னல் வழியே பல்லேயின் புல்வெட்டி உள்ளே வந்தது.

ஐவின் வேலியருகே போய் நின்றான். "பல்லே, கொஞ்சம் நிறுத்தேன். பியானோ பதிவு பண்றோம்."

"என்னது?"

"பியானோ!"

"கேக்கலப்பா. மெஷினைக் கழட்டி வெச்சிருக்கேன். புல்லு வெட்டறப்ப இந்தச் சத்தத்தை யாரு கேக்கறது?"

புல்வெட்டி அடங்குகிற வரைக்கும் யூட்டே ஸ்டூலில் உட்கார்ந்து கட்டைவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐவின் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தான். விரலைச் சூடேற்றுகிறாள், வாசிப்பவர்கள் செய்வதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

மேலே சரிவரவில்லை என்று முடிவானதும், பியானோவைச் சுவரிலிருந்து இழுத்து, முதுகுப் பக்கத்துப் பலகைக்கு எதிரே கத்தரிக்காய் மைக்கை நட்டான். பியானோவின் பின்னாலிருந்து மெரெட்டே பால் பல் காலத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் செய்த தாள் இதயம் ஒன்று தூசியோடு விழுந்தது. யூட்டே அதை எடுத்து ஊதிப் பார்த்தாள். "தூசி கிளப்பாதே, மைக்குக்கு ஆகாது" என்றான் ஐவின்.

முதுகுப் பக்கச் சத்தம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசித்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை. பிறகு முட்டிக்கு எதிரே இருக்கிற கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு அங்கே சோப்பு டப்பாவை வைத்தான். கட்டைக் குரல் கும்மென்று வந்தது, கூடவே அவள் செருப்பும் வந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னான். பாதம் பெடலில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. காலுறை போடச் சொன்னான். போடுவதற்குக் காலுறை ஏது? அலமாரியைத் திறந்து, மனசே இல்லாமல், ஒரு மைக்கின் உடுப்பைக் கழற்றிக் கொடுத்தான்.

"என்ன தாராளம்!" என்றாள் யூட்டே.

பிறகு ரெண்டு மைக்கையும் சேர்த்து வைத்தான். ரெண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, சத்தம் ஓட்டை டப்பா மாதிரி ஆனது. நூல் கட்டித் தூரம் அளந்தான். நகர்த்தினான். இன்னொரு தடவை. தள்ளினான். இன்னொரு தடவை.

அந்த நாட்களில்தான் அந்த 'ஓ' அவன் கண்ணில் பட்டது. கண்ணில் என்றுதான் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் திரையில் மெட்டு தொடங்குவதற்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு.

"யூட்டே, நீ ஒவ்வொரு தடவையும் 'ஓ'ங்கற."

"ஆமா. இல்லேன்னா அவங்க எப்படி ஆரம்பிப்பாங்க?"

"பியானோவுல 'ஓ' கிடையாது. பதிவு சுத்தமா இருக்கணும். சொல்லாதே."

அவள் சொல்வதை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் மேடு வந்தது. முன்பெல்லாம் தொடக்கத்தில் மட்டும் வந்தது, இப்போது கை வீசல் மெட்டின் நடுவில் வந்தது, முட்டி மெட்டில் ரெண்டு இடத்தில் வந்தது. விரலை அகல விரித்து ஒரே நேரத்தில் ரெண்டு கட்டையை எட்டிப் பிடிக்கிற இடங்கள் அவை. ஐவினுக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை.

"மறுபடியும் 'ஓ'ன்னு சொன்ன."

"நான் சொல்லல."

"சொன்ன. கேட்டேன்."

"அப்ப சரி" என்றாள் அவள். "காது உன்னோட இலாகா."

கொஞ்சம் பொறுத்து அவளே, "கட்டைவிரல் கொஞ்சம் பேசுது ஐவின்" என்றாள்.

"பேசட்டும். விரலு பேசறதெல்லாம் மைக்குல விழாது" என்று சொல்லிவிட்டு, தானே தன் நகைச்சுவைக்குச் சிரித்தான். எனக்கு இதைச் சொல்லும்போதே அவனை ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. இவனும் இந்த ஊரில் பிறந்தவன்தானே? 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியாதா? யூட்டேயையும் சொல்லவேண்டும். எங்கள் பெண்களுக்கு ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் சொன்னால் கௌரவக் குறைச்சல். எழுந்து போய்க் காபி போட்டாள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஐவினுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூலைச் சந்தேகப்பட்டு அதன் திருகாணிக்கு எண்ணெய் போட்டான். பெடலைச் சந்தேகப்பட்டான். தரைப்பலகையின் மேல் நான்கு காலில் தவழ்ந்து காதை வைத்துப் பார்த்தான். கடைசியில், வாயிலிருந்து வருகிறதென்றால் வாய்க்கருகிலேயே போய்ப் பிடித்துவிடலாம் என்று, ரிப்பன் மைக்கை எடுத்து அவள் வலது தோளுக்கு மேலே, தலைக்குச் சற்றுப் பின்னால், கட்டைகளைப் பார்த்த வாக்கில் நிறுத்தினான்.

யூட்டே வாசித்தாள். ஐவினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுத்தியல் இல்லை, கம்பளி இல்லை, ஓட்டை டப்பா இல்லை. கூடமும் மரமும் கம்பியும் ஒன்றாகச் சேர்ந்து, யூட்டேயின் ஸ்டூலில் தானே உட்கார்ந்து கேட்பது போலிருந்தது. இத்தனை வருஷம் தேடிய இடம் இதுதான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"யூட்டே, கிடைச்சிருச்சு! இதான் இடம்!"

"மோசமில்ல" என்றாள் அவள். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. "அப்ப முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதாவா? இப்பத்தானே ஆரம்பம்! எல்லா மெட்டையும் இந்த இடத்துல இருந்து திரும்ப எடுக்கணும். இன்னொரு தடவை, தங்கம்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள்வரை எடுத்தான். அன்று கடைசி மெட்டை வாசித்து முடித்ததும் யூட்டே கட்டைகளின் மேல் மூடியை இடது கையால் இறக்கினாள், அவன் கேட்பதற்கு முன்னாலேயே.

அவள் மாவுக்கட்டோடு வீடு திரும்பிய பிறகு, ஐவின் மெரெட்டேயின் பழைய அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தான். ரிப்பன் இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அந்த 'ஓ' எல்லாம் பெரிது பெரிதாக விழுந்திருந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு உயரம் என்று திரையில் பார்த்து, பியானோவைத் தொடாமல் அதை மட்டும் பிரித்து, நகத்தை வெட்டுகிற மாதிரி நறுக்கி எடுத்தான். அது என்ன சொல்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றி எல்லாமே அவனுக்குத் தெரிந்தது. எந்தச் சத்தத்தையும் குப்பையில் போடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. நறுக்கியதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துத் தனியே ஒரு பதிவாக வைத்தான்.

யூட்டே வாசலில் வந்து நின்றாள். "என்ன பண்ற?"

"உன் 'ஓ'வையெல்லாம் பொறுக்கறேன்."

"நிறைய இருக்கா?"

"ஏகப்பட்டது. உனக்கே தெரியாம பழகிடுச்சு போல."

"ஆமா" என்றாள். "பழகிடுச்சு."

செப்டம்பரில் ஹால் திறந்தது. முதல் செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம். ஐவினின் பதிவு ஒன்று நிஜமாகவே முடிந்திருக்கிறது என்பதை நம்பாதவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். யூட்டே சுவரோரத்து நீள பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐவின் தன்னுடைய ஸ்பீக்கர்களையும் பழைய ஒலிப் பெட்டியையும் கொண்டுவந்து, கோணம் பார்த்து, இன்னும் கொஞ்சம் கோணம் பார்த்து, சோல்வை முறைத்ததும் பதிவைப் போட்டான்.

என்ன சுத்தம்! மூச்சுச் சத்தம் இல்லை, பெடல் இல்லை, ஒரு தூசி இல்லை. ஆனால் பெண்களில் பாதிப் பேர் கையைத் தூக்கியபோது மீதிப் பாதி நின்றுகொண்டிருந்தார்கள். நின்றவர்கள் தூக்கியபோது தூக்கியவர்கள் இறக்கினார்கள். முட்டி மெட்டில் முன்வரிசைக்காரி எழும்ப, பின்வரிசைக்காரி குனிய, ஒருத்தி தலை இன்னொருத்தி இடுப்பில் இடித்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்று சோல்வை கையைத் தட்டினாள். "எங்கப்பா அவளோட 'ஓ'?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? யாரு எடுக்கச் சொன்னா? மண்டையில மசாலா இருக்கா உனக்கு? நாங்க பியானோவைக் கேட்டா ஆடறோம்? அந்த 'ஓ'வைக் கேட்டுத்தான் ஆடறோம்!"

ஐவின் அசரவில்லை. பெருமையாகச் சிரித்தான். "எங்கேயும் போகல சோல்வை. ஒண்ணு விடாம பத்திரமா வெச்சிருக்கேன். எது எது வேணும்னு சொல்லு, அந்தந்த இடத்துல ஒட்டிடறேன்." சொல்லிவிட்டு அந்தத் தனிப் பதிவைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டி வைத்தான்.

"ஓ" என்றது ஸ்பீக்கர், யூட்டேயின் குரலில். பெண்கள் சிரித்தார்கள். "ஓ." "அதான்! அதான் எங்களுக்கு வேணும்!" என்றாள் சோல்வை. "ஓ."

பிறகு, "ஆவ்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

"ஆவ்" என்றது ஸ்பீக்கர். 'ஐயோ, அம்மா, உயிர் போகிறதே' என்று மற்றவர்கள் நீட்டி முழக்குவதையெல்லாம் எங்கள் மக்கள் இந்த ஒற்றை அசையில் முடித்து, அதிலும் பாதியை விழுங்கிவிடுவார்கள். "ஆவ்." இது பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆவ்." இது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. பியானோவைப் பிரித்து எடுத்திருந்ததால் வேறு எதுவுமே இல்லை, பெரிய ஹாலில் அது மட்டும்தான் இருந்தது. ஆவ். ஆவ். ஓரிடத்தில் கத்தரி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது போல. "ஆவ்" என்று அவள் முனகியதும், தூரத்திலிருந்து ஐவினின் உற்சாகமான குரல், "இன்னொரு தடவை, தங்கம்" என்றது. உடனே அடுத்த "ஆவ்."

சோல்வையின் வாய் திறந்தபடி இருந்தது. "ஐவின்" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு சின்னக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. "அது 'ஓ' இல்லப்பா."

ஐவினுக்கு அப்போதுதான் கேட்டது. காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் ஏறியது. நிறுத்தப் போனான். இருபது வருஷம் பழகிய பெட்டியில் நிறுத்துகிற பட்டன் எங்கே என்று அவன் விரலுக்குத் தெரியவில்லை. இன்னும் ரெண்டு மூன்று வந்த பிறகு சோல்வைதான் போய் வயரைப் பிடுங்கினாள்.

"இதைப் போட்டு என்னால முட்டி மடக்க முடியாது" என்றாள் சோல்வை, பெண்களைப் பார்த்து. "யாருக்காச்சும் முடியுமா?" வரிசையாகத் தலைகள் இல்லையென்று ஆடின. "அப்ப வேண்டாம். குண்டு தூக்கறவன் வந்தா வரட்டும், அவனையும் தூக்கி வெளியே வெப்போம். மெட்டு நமக்குத் தெரியும்ல? வாய் இருக்குல்ல?"

ஒருத்தி கை வீசல் மெட்டை முணுமுணுத்தாள். இன்னொருத்தி சேர்ந்தாள், கொஞ்சம் சுருதி விலகி. பெஞ்சிலிருந்து யூட்டே "ஓ" என்றாள், சத்தமாக, தெளிவாக. அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன.

ஐவின் தன் ஒயர்களைத் தாண்டி, தடுக்கி, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்த பிறகும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அழுகிறோம் என்று அவனுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

"இவ்வளவு வலிச்சிருக்கு" என்றான். "ஏன் யூட்டே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

யூட்டே பெண்களைப் பார்த்தபடி இன்னொரு "ஓ" கொடுத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிக்கிட்டேதான இருந்தேன்" என்றாள். "நீதான் ஒண்ணு விடாம பதிவு பண்ணி வெச்சிருக்கியே."